அமராவதிக் கரையில் கிடைத்த பழங்காசுகள்: அடையாளம் காண்பதும் அறிவிப்பதும்

கரூர் மாவட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதமும் சில புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி, விடுமுறை நாள்களில் அமராவதி ஆற்று மணலிலும் தம் தாய்மாமனின் தோட்டத்திலும் தேடிவருகிறார். ஆற்றில் சில வட்டச் செப்புக்காசுகளும், யானை உருவம் தெரியும் ஒரு சதுரக் காசும், ஒரு தேய்ந்த பொடிக் காசும், சில ஈயக் குண்டுகளும் கிடைத்துள்ளன. தோட்டத்து வரப்போரம் ஒன்றரை அடி ஆழத்தில், உடைந்த பானை ஓடுகளுக்கு நடுவே, மெல்லிய செப்புக் கோல் ஒன்றும் சிறிய மோதிரம் ஒன்றும் கிடைத்தன. உரசிப் பார்த்த ஆசாரி, மோதிரம் தங்கம்தான் என்று சொல்லி, உருக்கிக் காசாக்கித் தருவதாகக் கூறியிருக்கிறார். இவற்றோடு, பாட்டி பெட்டியில் வைத்திருந்த, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ காசு ஒன்றும் உண்டு. அதை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகவும், ரிசர்வ் வங்கி அனுமதிக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒருவர் பேசிவருகிறார். காசுகளைப் புளி போட்டுத் தேய்த்தாயிற்று. “இவை என்ன, என்ன விலை பெறும்? ஆற்றில் கிடைத்தது யாருக்கும் சொந்தமில்லைதானே? மோதிரத்தை உருக்கினால் பிரச்சினை வருமா? வீட்டில் பயப்படுகிறார்கள்” என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் காப்பாட்சியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் ஆர்வத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. கரூரில் பிறந்தவருக்கு அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வருவது இயல்பு. சங்க காலச் சேரர்களின் தலைநகரான வஞ்சி கரூர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அமராவதி மணலில் சேரர் காசுகளும், மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை எனப் பெயர் பொறித்த காசுகளும், ரோமானியக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்ற விவரம் இன்றிக் கைமாறிப் போனவை. அதனால் வரலாற்றுக்கு ஏற்பட்ட இழப்பு பெரியது. உங்கள் பொருள்களுக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விதான் அவசரமானது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மோதிரத்தை உருக்காதீர்கள், ஆசாரியிடம் கொடுத்துவைக்கவும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.

மோதிரம்

உங்கள் படத்தில் மோதிரத்தின் முகப்பு தட்டையான நீள்வட்டமாக இருக்கிறது. அதில் நான்கைந்து கோட்டுருவங்கள் தெரிகின்றன. அவற்றைக் கீறல் என்று எழுதியிருக்கிறீர்கள். கைபேசியில் அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கரூரில் இதற்கு முன்பு தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழ்-பிராமியில் ஆள்பெயர் வெட்டிய முத்திரை மோதிரங்கள் கிடைத்துள்ளன. களிமண்ணிலோ அரக்கிலோ பதித்தால் எழுத்து நேராக விழ வேண்டும் என்பதற்காக அவற்றில் எழுத்துகளை இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக வெட்டியிருப்பார்கள். உங்கள் மோதிரமும் அத்தகையது என்று படத்தை மட்டும் வைத்து நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் கோடுகளின் ஓரம் கூர்மையாகவும், ஆழம் ஒரே சீராகவும் இருக்கிறது. தற்செயலான கீறல் அப்படி இராது. எழுத்து என்றால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒருவரின் பெயர் உங்கள் கையில் இருக்கிறது. உருக்கினால் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ கிராம் தங்கம் மட்டும்தான். பதிவு எடுக்கிறேன் என்று மாவிலோ மெழுகிலோ அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுக்கும் படமே வாசிக்கப் போதும்.

அதனுடன் கிடைத்த செப்புக் கோல், ஒரு முனை சற்றுத் தடித்து உருண்டிருப்பதால், கண்ணுக்கு மை தீட்டும் அஞ்சனக் கோலாக இருக்க வாய்ப்பு அதிகம். சங்க கால வாழிடங்களில் இவை கிடைப்பது வழக்கம். நீங்கள் வரப்பிலேயே போட்டுவிட்டு வந்த பானை ஓடுகளைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்: உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அந்த ஒரு வரிதான் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடு தமிழகத்தின் இரும்புக் கால, சங்க கால வாழிடங்களின் பரவலான அடையாளம். மோதிரமும் கோலும் ஓடுகளும் ஒரே குழியில் கிடைத்தன என்றால், அங்கே கலையாத ஒரு மண்ணடுக்கு இருக்கக்கூடும். வரப்பின் மேல் கிடக்கும் ஓடுகளை மட்டும் பொறுக்கி, கழுவாமல், தனிப் பையில் வையுங்கள். குழியை அதே மண்ணால் மூடிவிட்டு, அங்கே மீண்டும் தோண்டாதீர்கள். கைபேசியில் இருப்பிடக் குறிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசுகளை அடையாளம் காணும் விதம்

பழங்காசை அடையாளம் காண்பதில் உருவத்துக்கு முன்பு பார்க்க வேண்டியவை எடை, வடிவம், உலோகம், செய்முறை ஆகிய நான்கும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காசையும் எடை போட்டு, விட்டத்தையும் தடிமனையும் மில்லிமீட்டரில் குறித்து, இரு பக்கங்களையும் அளவுகோலுடன் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தேய்ந்த காசு வெறும் வட்டமாகத் தெரியும். அதே காசின் ஒரு பக்கமாக, தாழ்வாக விளக்கை வைத்தால் எழுத்தும் உருவமும் மேலெழுந்து வரும்.

உங்கள் வட்டச் செப்புக்காசுகளில் மூன்று, நீங்கள் எழுதியது போல ‘ஆள் நிற்கும் காசு’. ஒரு பக்கம் கோட்டுருவமாக நிற்கும் ஒருவர், மறுபக்கம் அமர்ந்த ஒருவர், அவரது கையருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று வரி வரியாக இருந்தால் அது முதலாம் இராசராசன் காலத்தில் தொடங்கிய வகை. இரண்டாவது காசில் ‘ராஜ’ எனும் எழுத்துகள் தெளிவாகவே உள்ளன. மற்ற இரண்டிலும் அவசரப்பட்டு அவ்வாறே முடிவுகட்ட வேண்டாம். இதே நிற்கும்-அமர்ந்த அமைப்பைப் பொலன்னறுவையைத் தலைநகராகக் கொண்டிருந்த காலத்து இலங்கை மன்னர்களும் பின்பற்றினார்கள். அவற்றில் அதே இடத்தில் பராக்கிரமபாகு, லீலாவதி முதலிய பெயர்கள் இருக்கும். பின்புறம் படுத்த காளையும் கீழே ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் இருந்தால் அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டது. ஆகவே அமர்ந்த உருவத்தின் கைக்கு அருகில் உள்ள எழுத்தைப் பொறுத்தே அரசர் யார் என்பது முடிவாகும்.

சதுரக் காசு சங்க காலத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. யானை மூவேந்தர் காசுகளிலும் வருவதால், அது யாருடையது என்பதைப் பின்புறம்தான் சொல்லும்: வில்லும் அம்பும் சேரர், வாலுயர்த்திய புலி சோழர், கோடுகளால் ஆன மீன் வடிவம் பாண்டியர். முன்புறம் யானைக்குப் பதில் குதிரையும் பின்புறம் மலையும் ஆறும் போன்ற வரைவும் இருந்தால் மலையமான்கள் என்ற சங்க காலக் குறுநில மன்னர்களுடையது. உங்கள் காசின் பின்புறத்தில் வளைந்த ஒரு கோடும் அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடும் தெரிகின்றன. கிடைத்த இடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது சேரர் காசு என்றே கருதுகிறேன். இத்தகைய காசுகள் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை இனங்கண்டு வெளியிட்ட நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள், வணிகர்களிடம் கிலோ கணக்கில் பழைய செம்பாகக் கிடந்தவற்றைப் பொறுமையாகத் துழாவி மீட்டது.

பொடிக் காசின் ஒரு பக்கம் வலப்புறம் நோக்கிய தலையும், அதைச் சுற்றி மணிக்கோவை போன்ற பட்டமும் தெரிவதால், அது கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டிய ரோமானியச் செப்புக்காசாகலாம். ரோமானியக் காசு என்றவுடன் பெரும் தொகையை எண்ணிவிடாதீர்கள். இந்தச் சிறு செப்புக்காசுகள் தமிழகத்தில் நிறையக் கிடைத்துள்ளன; தேய்ந்தவற்றுக்குச் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலைப் போல 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒன்றாகக் கிடைப்பது வேறு. அவற்றில் பெரும்பாலான காசுகளில் பேரரசர் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. இங்கே அவை நாணயமாகச் செல்லாதபடி ஆக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படி ஒரு முடிவுக்கு வர முடிந்ததே, அவை சிதறாமல் ஒன்றாகப் பதிவானதால்தான்.

‘வி’ என்ற ஆங்கில எழுத்தின் இரு கால்களிலும் ‘ஓ’, ‘சி’ கோத்த முத்திரை கொண்ட உங்கள் மற்றொரு வட்டச் செப்புக்காசு, டச்சுக் கம்பெனியின் துயிட் என்னும் சிறுகாசு. முத்திரையின் கீழே உள்ள ஆண்டில் 17 மட்டும் தெரிகிறது. மறுபக்கக் கேடயத்தைக் கொண்டு எந்த மாகாணத்தின் வெளியீடு என்று சொல்லலாம். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் வசம் இருந்ததால் இக்காசு உள்நாட்டிலும் புழங்கியதில் வியப்பில்லை. ஈயக் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிக் குண்டுகளாக இருக்கலாம். மைசூர்ப் போர்களில் கரூர்க் கோட்டை கைமாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை எடை போட்டு வையுங்கள், கையாண்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

பாட்டியின் காசு பற்றிச் சொல்வது வருத்தமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு புறமும், ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அணா, 1818’ என்று ஆங்கிலத்தில் மறுபுறமும் உள்ள காசைக் கம்பெனி அச்சிட்டதே இல்லை. சென்னையில் கம்பெனி திருமால் உருவம் கொண்ட பொன் வராகன்களை வெளியிட்டது உண்மை. அந்த நினைவே இவற்றை நம்பவைக்கிறது. ஆனால் அக்காலத்தில் சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி வெளியிட்ட செப்புக்காசுகள், இங்கிலாந்தின் சோஹோ அச்சாலையில் 1803, 1808 ஆண்டுகளில் அடிக்கப்பட்ட 10 காசு, 20 காசு போன்றவை. அவற்றின் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. பாட்டி வைத்திருந்தது பூசைக்காக வாங்கிய நினைவுக் காசு. பூசையறையில் அது இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பேசுபவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பழைய நாணய விற்பனையில் தாம் ஈடுபடுவதில்லை என்றும், அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் அளியுங்கள்.

புளியும் பிரஷும்

பளபளப்பாக இருந்தால்தான் விலை போகும் என்பது நேர்மாறான எண்ணம். உங்கள் சதுரக் காசின் படத்தில் யானையின் முதுகு இளஞ்சிவப்பாக மின்னுகிறது, கால்களுக்கிடையில் மட்டும் பச்சை மிச்சம் இருக்கிறது. அந்த மேடான இடங்களில்தான் நுண்ணிய விவரங்கள் இருந்தன. செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படியும் கெட்டியான களிம்பு, காசின் மேற்பரப்பைத் தன்னுள் வைத்துக் காக்கிறது. புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பாலிஷ் எல்லாமே அந்த மேற்பரப்பையும் சேர்த்து அரித்துவிடும். இழந்ததை மீட்க வழியில்லை. எஞ்சியவற்றையாவது காப்பாற்றுவோம்.

புளி பட்ட காசுகளை வாலை வடிநீரில் போட்டு, சில நாள்களுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, மென்துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஒட்டிய மண்ணை நனைத்து, மூங்கில் பல்குச்சியால் மெதுவாகத் தள்ளினால் போதும். மண் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வெளிறிய பச்சைப் பொடி எங்கேனும் புள்ளியாகப் பூத்து, துடைத்தாலும் மீண்டும் வந்தால், அது குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்னும் நோய். அந்தக் காசைப் பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்; மழைக் காலத்தில் இது மிகவும் அவசியம். ஈயக் குண்டுகளை மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்காதீர்கள். அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும்.

சட்டம் சொல்வது

ஆற்றில் கிடைத்தது யாருக்கும் சொந்தமில்லை என்ற எண்ணம் சரியன்று. ஆறு அரசுப் புறம்போக்கு. தேடுவதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி பெறவில்லை. நீரில் கண்ணுக்குத் தெரிந்த காசை எடுப்பது வேறு, கருவி வைத்துத் தோண்டித் தேடுவது வேறு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது நேரடியான குற்றம். ஆகவே ஆற்றிலும், பழமையான மேடுகளிலும், கோயில் நிலங்களிலும் கருவியைப் பயன்படுத்துவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த, மதிப்புள்ள எதுவும் புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளின் தன்மை, ஏறத்தாழ மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ, கேட்கும்போது கொண்டுவருவதற்குப் பிணை கொடுக்கவோ வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு விசாரிப்பார். உரிமை கோருபவர் யாரும் இல்லையெனில், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்பது சட்டத்தின் பொது ஏற்பாடு. அரசு தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரும். அந்தத் தொகை மோதிரத்தின் வரலாற்று மதிப்புக்கு ஈடாகாது என்பதை மறைக்க விரும்பவில்லை. பலர் ஒளித்துவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்; சட்டம் திருந்த வேண்டிய இடம் இது என்பது என் கருத்து.

எனினும் ஒளிப்பதன் விளைவு அதைவிடக் கடுமையானது. அறிவிக்கத் தவறினாலோ, அடையாளம் தெரியாதபடி பொருளை மாற்றினாலோ, உங்கள் பங்கு அரசுக்குப் போய்விடும்; ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மோதிரத்தை உருக்குவது இந்த வரம்புக்குள் நேராக வந்துவிடும். உடந்தையாக இருந்தால் நிலத்துக்காரரான உங்கள் மாமாவுக்கும் தண்டனை உண்டு. இது தவிர, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசும் கலைப்பொருளும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. இணையத்தில் வெளிநாட்டு வாங்குநர் கேட்கிறார் என்று எவரேனும் சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

சிதறிக் கிடந்த ஒன்றிரண்டு செப்புக்காசுகள் ‘மறைத்துவைத்த’ புதையலாகுமா, தவறவிட்டவையா என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை நம்பி நீங்கள் இருக்க வேண்டாம். மோதிரத்தை அறிவிக்கும் மனுவிலேயே எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுவது பாதுகாப்பு. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். சட்டம் தெரியாமல் இருந்ததையும், ஆற்றில் தேடியதையும், காசுகளைப் புளியால் தேய்த்ததையும் உள்ளபடியே சொல்லுங்கள். தெரியாமை முழுமையான பாதுகாப்பு ஆகாது என்பதால், மனு கொடுக்கும் முன்பு ஒரு வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள். ஆனால் தாமாக முன்வந்து ஒப்படைப்பவரையும், பிடிபடுபவரையும் அதிகாரிகள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. உடனே அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதால்தான் எண்ணிக்கையும் எடையும் இடமும் இன்று எல்லோருக்கும் தெரியும்.

இனிச் செய்ய வேண்டியது

மாமாவிடம் முதலில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவரது நிலம் என்பதால் மனுவில் அவர் கையெழுத்தும் இருப்பது நல்லது. தோட்டம் பறிபோய்விடும் என்று அவர் அஞ்சக்கூடும். ஒரு மோதிரம் கிடைத்ததற்காக யாரும் பட்டா நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை; அங்கே ஆய்வு செய்வதானாலும் அதற்கென நடைமுறை இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகவோ நேரடியாகவோ ஆட்சியருக்கு மனு கொடுங்கள். பொருள்களின் படம், எடை, அளவு, கிடைத்த இடத்தின் சர்வே எண் ஆகியவற்றை இணைத்து இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட கையொப்பமும் நாளும் வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் வெறும் வாய்மொழியாக ஒப்படைக்காதீர்கள். மனுவின் நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கும், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கும் அனுப்புங்கள். மோதிரத்தின் எழுத்தைக் கல்வெட்டு அறிந்த ஒருவர் நேரில் வாசிக்க வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள்.

காசுகளைப் பற்றிக் கற்பதற்கு மெட்டல் டிடெக்டர் தேவையில்லை. நாணயவியல் சங்கங்களின் கண்காட்சிகளுக்குச் சென்று, நல்ல நிலையில் உள்ள சேரர் காசையும் இராசராசன் காசையும் கையில் வாங்கிப் பாருங்கள். இராசராசன் செப்புக்காசு சாதாரண நிலையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ரசீதோடு வாங்கினால் எந்த அச்சமும் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். வட்டக் காசுகளில் எழுத்து தெளியாத அந்த இரண்டையும் எடை குறித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மறுபடி படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்த பிறகு அனுப்பினால் போதும்.